ஏசி அறையில் ஒரு பட்டாணிச் செடி

றிஸ்மியின் பட்டாணிச் செடி காலை பத்து மணிக்கே மயங்கிச் சாய்ந்துவிட்டது. மருதமுனை வெயிலில் அதுவும் பாவம், என்ன செய்யும்?

அவனுக்குப் பட்டாணி மேல் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. எல்லாம் மாமியார் சுஹறாவால் வந்தது. கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குக் குடிவந்து பதினொரு மாதம். அவர் இன்னும் மருமகனோடு நேரே ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அத்தனை வெட்கம். எதுவானாலும் கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து மகள் வழியாகத்தான் வரும்.

"அப்னா, அவருக்கு இன்னும் கொஞ்சம் கறி வேணுமா எண்டு கேளு."

சிறு வயதிலேயே உம்மாவை இழந்தவன் றிஸ்மி. அந்தச் சீலையைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு மனசு வலித்தது.

ஒருநாள் சீலை சொன்னது: "அப்னா, நுவரெலியா மலைக் குளிருல திண்ட பச்சைப் பட்டாணிட ருசி இன்னும் நாக்கில நிக்கிது."

மறுநாளே விதை வாங்கிவிட்டான்.

முளைத்தவை மூன்று. கிணற்றடியில் வைத்தான், வெயில் ஒன்றைக் கருக்கியது. நிழலுக்கு மாற்றினான், கோழி ஒன்றைக் கொத்தித் தின்றது. மிஞ்சியதற்குக் குளிர்ச்சி வேண்டுமே என்று ஐஸ் கட்டி போட்டான். அது மஞ்சளாய்ப் பழுத்துவிட்டது. கடைசியில் சட்டியோடு தூக்கிப் போய்ப் படுக்கையறை ஏசிக்குக் கீழே வைத்தான்.

"எனக்கு வேர்த்தா மட்டும் ஃபேனைப் போடு எண்டுதானே செல்லுவீங்க?" என்றாள் அப்னா.

அடுத்த நாள் அவன் பகல் சோற்றுக்கு வந்திருந்த நேரம் அந்த அதிசயம் நடந்தது. சீலை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டபடி மாமியார் உள்ளே வந்தார். செடியைப் பார்த்துத்தான் கதைத்தார், ஆனால் அவனிடம்.

"மகன், பட்டாணிக் கண்டு தெளிஞ்சிட்டுப் போல."

"ஓம் மாமி."

அதன் பிறகு தினமும் வந்தார். செடி பார்க்க அவருடைய தங்கை வந்தார், பக்கத்து வீடு வந்தது, எதிர் வீடும் வந்தது. கட்டில் நிறையப் பெண்கள். வீட்டு மருமகனுக்குக் கதவோரம் ஒரு கதிரைதான் கிடைத்தது.

அந்தக் குளிரில் அவனுக்குக் கண் சொருகும். சுவர்கள் மெல்லக் கரைந்து மலைகளாகும். கட்டிலைச் சுற்றிப் பனிமூட்டம் இறங்கும், கூரை முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பூ மலரும். அதற்கு நடுவே மாமியின் குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். "மகன், கேக்கிறீங்களா?" கனவுக்குள்ளிருந்தே தலையாட்டுவான். அப்படியொரு நிம்மதி.

ஒன்றுதான் இடித்தது. ஒன்றரை மாதமாகியும் செடியில் ஆறே இலை. காய்க்காத செடியை மாமி எத்தனை நாள்தான் வந்து பார்ப்பார்? மறுபடியும் சீலைக்குப் பின்னால் போய்விட்டால்? பயந்து போய் விதைக் கடை முனாஸ் நானாவிடம் ஓடினான்.

"என்ன விதை தந்தீங்க நானா? முளைச்சு ஒண்டரை மாசம், இன்னும் ஆறு இலைதான்!"

முனாஸ் சிரித்தார்.

"உங்கட கண்டு எப்பவோ பட்டுப்போயிட்டு தம்பி. மாமிதான் இங்க விதை வாங்கிக் குசினிக்குப் பின்னால முளைக்கப் போட்டு, ஒண்டு சாகச் சாக அதே சட்டியில புதுசு வெக்கிறா. கண்டு இல்லாட்டி மருமகனோட கதைக்கிறதுக்கு வேற என்ன சாட்டு இரிக்கி எண்டு என்னட்டக் கேக்கிறா!"