போட்டோவுக்கு ஜாதகம் பார்த்தவர்

போட்டோவில் இருக்கும் முகத்தை விட்டுவிட்டு போட்டோவின் ஜாதகத்தைப் பார்க்கிற மனிதர் கோயம்புத்தூரிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சிங்காநல்லூர் மோட்டார் பட்டறையில் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் ‘ஜாதகம்’தான், சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

பேரன் படத்தை நீட்டினால் பேரனைப் பார்க்க மாட்டார். விரலால் மேலே தள்ளி, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ஊர், எந்த போன் என்று படத்துக்குள் ஒளிந்திருப்பதை வாசித்துவிட்டு, “நல்ல ஜாதகமுங்க” என்று திருப்பித் தருவார். மகளுக்கு வரன் என்று மெயிலில் வந்த படத்தை முதலாளியம்மா காட்டியபோது, “ஏனுங்கம்மா, பையன் நல்ல பையன்தானுங்க. ஆனா இந்த முடி எட்டு வருசத்துக்கு முந்தினதுங்க” என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவன். எதற்கெடுத்தாலும் பயம். ஒரு செவ்வாய்க்கிழமை மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பாக்குத் தோப்பில் மோட்டாரைச் சரிசெய்து, அது ஓடுவதைப் படமெடுத்து முதலாளிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டே நாளில் மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. நான் போன அன்று ஊரிலேயே இல்லாத தோப்புக்காரர், ஆளே வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டார்.

முதலாளி என் படத்தைத் தள்ளிப் பார்த்தார். எடுத்த நேரமும் இல்லை, இடமும் இல்லை. பழைய படத்தை அனுப்பி ஏமாற்றுகிறாயா, நாளையிலிருந்து வராதே என்றார்.

ஜாதகம் காயிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். “வாட்ஸப்புல சும்மா போட்டோவா அனுப்புனா ஜாதகத்தை உருவிப்போட்டுத்தானுங்க அனுப்பும். ஒரிஜினல் தம்பி போன்லயே இருக்குமுங்க.”

என் போனை வாங்கி, படத்தை மேலே தள்ளினார். செவ்வாய், பதினொன்று இருபது. வரைபடத்தில் புள்ளி நேராகத் தோப்புக் கிணற்றின் மேல்.

முதலாளி சும்மா இருக்காமல் அடுத்த படத்தையும் தள்ளினார். மதியம் மூன்று மணி, துடியலூர், பரோட்டா.

“திங்கறது குத்தமுங்களா?” என்றார் ஜாதகம். முதலாளி சிரித்துவிட்டார். வேலை தப்பியது.

இனி எல்லோரும் படத்தை டாக்குமெண்டாகத்தான் அனுப்ப வேண்டும், அப்போதுதான் விவரம் அழியாது என்று உத்தரவு வந்தது. ஜாதகம் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, கேமராவில் இடம் பதிவாவதை நிறுத்தவும் கற்றுத்தந்தார். “வேலைக்குப் போனா போட்டு வையுங்க. ஊட்டுக்குப் போனா அணைச்சுப்போடுங்க. நம்ம ஊடு எங்க இருக்குதுனு கண்டவனுக்கு எதுக்குங்க?”

காலேஜ் முடித்த முதலாளி மகளுக்கே இதையெல்லாம் பிறகு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பயந்தவன் என்பதால் எந்தப் படத்தை அனுப்பினாலும் இடத்தை அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். வேலை தப்பிய அன்று பட்டறை வாசலில் ஜாதகத்தை நிற்கவைத்து எடுத்த படத்தை மட்டும் இடத்தை அழிக்காமல் அப்படியே டாக்குமெண்டாக அனுப்புவேன். அவர் எங்கள் பட்டறைக்காரர் என்பது நாலு பேருக்குத் தெரியட்டுமே.