வெக்கையரும் வெள்ளைக் குழாயும்

கனடாவின் மொன்றியல் நகரில் தமிழன் கால்வைத்த நாள் முதல் இன்றுவரை, ஒரு கதவை வெக்கையரைப்போல வேகமாகச் சாத்திய மனிதர் இன்னொருவர் இல்லை. நீங்கள் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். அவர் கதவைச் சாத்திவிடுவார். எந்தக் காலை எடுப்பது என்பது உங்கள் பாடு.

"தம்பி, வாறதெண்டா வாரும், போறதெண்டா போம். நடுவிலை நிண்டு வெக்கையை வெளியிலை விடாதையும்."

சொந்தப் பெயர் அவருடைய மனைவி சந்திரா அக்காவுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் இருந்த லாசால் பகுதியில் மற்ற எல்லோருக்கும் அவர் வெக்கையர்தான். ஒருமுறை யாரோ தொலைபேசியில் தவறுதலாக "வெக்கையர் வீடோ?" என்று கேட்டுவிட, "ஓம், சொல்லுங்கோ" என்று அவரே பதில் சொன்னாராம்.

அவருடைய வீட்டின் மேல்மாடியில் நானும் மனைவியும் கைக்குழந்தையுமாக வாடகைக்கு இருந்தோம். மனிதரைக் கஞ்சன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மீன் வாங்கினால் பாதிக்கறி மாடிக்கு வரும். காரைக் கேட்டால் திறப்பைக் கையில் தந்துவிட்டுப் போய்விடுவார். வெக்கையை மட்டும் விடமாட்டார். பனிக்காலம் தொடங்கினால் யன்னலெல்லாம் பிளாஸ்ரிக் ஒட்டுவார், கதவிடுக்குகளில் உடுத்துப் பழசான சாரத்தைச் சுருட்டி அடைவார். ஒரு செத்தவீட்டில், தேவாரம் பாடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் மண்டபக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்களையும் "கெதியாக் கொண்டுபோங்கோ" என்றாராம். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

இப்படிப்பட்டவர் வீட்டு பேஸ்மென்ற்றில் வீட்டைச் சூடாக்கும் புதிய காஸ் ஃபர்னஸ் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து வெள்ளைக் குழாய் ஒன்று பக்கச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஃபர்னஸ் எரியும்போதெல்லாம் அந்தக் குழாய் வெள்ளை வெள்ளையாக ஆவிப் புகார் கக்கும். வெக்கையர் கையை நீட்டிப் பார்த்தார். இளஞ்சூடு! அன்று முழுவதும் மனிதர் சாப்பிடவில்லை என்று சந்திரா அக்கா சொன்னார். எரிந்த காஸின் கழிவுதான் அது என்று நான் விளங்கப்படுத்திப் பார்த்தேன். வெக்கை வெக்கைதான் தம்பி என்று முடித்துவிட்டார்.

முதலில் தன் காலுறைகளை அந்தக் குழாயில் கொழுவினார். குழாய் விடுவது ஈரமான காற்று, வெளியே மொன்றியல் குளிர். காலுறைகள் விறைத்துத் தாமாக எழுந்து நின்றன.

அடுத்தது வேப்பம்பூ வடகம். யாழ்ப்பாணத்திலிருந்து சந்திரா அக்காவின் தங்கை வேப்பம்பூ அனுப்பியிருந்தார். உளுந்து அரைத்துக் குழைத்து வடகம் தட்டியாயிற்று. காயவைக்க வெயில் வேண்டுமே. வெக்கையர் பழைய மேசையின் இழுப்பு லாச்சி ஒன்றைக் கழற்றி, வலை அடித்து, வடகத்தைப் பரப்பி, குழாயின் வாயோடு சேர்த்துக் கட்டிவிட்டார். விடியப் பார்த்தால் வடகமெல்லாம் ஐஸ்கட்டி. ஐஸ் வளர்ந்து குழாயின் வாயையும் அடைத்திருந்தது. மூச்சுவிட வழியில்லாத ஃபர்னஸ் தானாக நின்றுவிட்டது. வெக்கையர் வீட்டில் வெக்கை இல்லை. ஊர் சிரித்தது.

திருத்த வந்த கியூபெக் பெடியன் அந்த லாச்சியை வெகுநேரம் மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றான். இது என்ன என்று என்னிடம் பிரெஞ்சில் கேட்டான். வேப்பம்பூ வடகத்துக்குப் பிரெஞ்சில் சொல் கிடையாது. மருந்து என்றேன். குழாயைத் தட்டி "துய்யோ, துய்யோ" என்று அவன் நீளமாகச் சொன்னதை நான் வெக்கையருக்குச் சுருக்கிச் சொன்னேன்: இந்தக் குழாய் நஞ்சுக்காற்றை வெளியே தள்ளுகிறது, இதற்கு முன்னால் ஒன்றும் வைக்காதீர்கள், பனி மூடினால் வெட்டி விடுங்கள். வெக்கையர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

சில கிழமை கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம், கீழ்வீட்டில் அலாரம் அடித்தது. அலாரம் அடித்தால் எங்கள் ஆட்கள் வெளியே ஓடுவதில்லை. மிளகாய் தாளித்தால் அடிக்கும், நெத்தலி பொரித்தால் அடிக்கும். துவாயை எடுத்துக்கொண்டு அதற்குக் கீழே நின்று விசிறுவோம். கொஞ்ச நேரத்தில் அது களைத்து ஓயும். உண்மையைச் சொன்னால், என்ன பொரிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் நான் இறங்கிப் போனேன்.

பேஸ்மென்ற் படி வாசலில் வெக்கையர் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறிக்கொண்டிருந்தார். என் மூக்கில் ஒரு மணமும் ஏறவில்லை.

"இஞ்சரும், என்னத்தைப் பொரிக்கிறீர்?" என்று அறைப்பக்கம் கத்தினார்.

"நான் ஒண்டும் பொரிக்கேல்லை." சந்திரா அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "தலையிடியெண்டு காலமை துவக்கம் படுத்துக் கிடக்கிறன். அடுப்பே மூட்டேல்லை."

துவாய் நின்றது. அவர் கதிரையிலிருந்து இறங்கினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"தம்பி, மேலை போய்ப் பிள்ளையைத் தூக்கும். எல்லாரும் வெளியிலை போங்கோ. சப்பாத்துத் தேடாதையும்."

நாங்கள் இறங்கி வரும்போது அவர் சந்திரா அக்காவைப் போர்வையோடு தாங்கிக்கொண்டு முற்றத்துப் பனியில் நின்றார். தன்னுடைய ஜாக்கெற்றை அவருக்குப் போட்டுவிட்டு, தான் பெனியனும் சாரமுமாக நின்றார். அக்காவை என் மனைவியிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டுப் பக்கச்சுவருக்கு ஓடினார். பின்னால் ஓடிய நான் அப்போதுதான் அதைக் கண்டேன். உடுப்புக் காயவைக்கும் மெஷினுக்குப் பூட்டுகிற மடிப்புக் குழாய் ஒன்று, வெள்ளைக் குழாயின் வாயிலிருந்து வளைந்து பேஸ்மென்ற் யன்னலுக்குள் போயிருந்தது. உள்ளே அதன் மறுமுனையில் இரண்டாம் ஈட்டு வடகம்.

"முன்னுக்கு ஒண்டும் வைக்கக் கூடாதெண்டுதானே அவன் சொன்னவன்" என்றார். "உள்ளுக்கு எடுக்கக் கூடாதெண்டு சொல்லேல்லை." சொல்லிக்கொண்டே அந்தக் குழாயைக் காலால் உதைத்துப் பிடுங்கி எறிந்தார். வெள்ளைப் புகார் தன்பாட்டில் மேலே போனது.

திரும்பி வந்தால் வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஒரு பனிக்காலம் முழுக்கச் சேர்த்து வைத்த வெக்கை தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் நான் சாத்தப் போனேன்.

"கிடக்கட்டும், விடும்" என்றார் வெக்கையர்.

நான் போனில் கூப்பிட்டேன். அம்புலன்ஸும் வந்தது. தீயணைப்புக்காரர்கள் கருவியோடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மடிப்புக் குழாயின் வளைவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, ஃபர்னஸ் மூச்சுத் திணறி நஞ்சுக்காற்றை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கிறது, அதற்கு மணமுமில்லை புகையுமில்லை என்றார்கள். புகைக்கும் நஞ்சுக்காற்றுக்கும் சேர்த்து அடிக்கிற அலாரமாக இருந்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். அதைத்தான் துவாயால் விசிறினோம் என்று அவர்களிடம் நான் மொழிபெயர்க்கவில்லை. வெக்கையர் பெனியனும் சாரமுமாகவே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸில் ஏறினார்.

அக்கா மறுநாள் வீடு வந்து சேர்ந்தார். "ஒரு சட்டி வடகத்துக்கு என்னைக் குடுக்கப் பார்த்தியள்" என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்.

அதற்குப் பிறகு பனி கொட்டினால் வெக்கையர், கொட்டி முடியும்வரைகூடக் காத்திருக்கமாட்டார். பனி அள்ளும் சவளோடு போய்க் குழாயைச் சுற்றி நிலம் தெரிய வெட்டுவார். பிறகு தெருவிலுள்ள குழாய்களெல்லாம் அவர் பொறுப்பாகின. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டு சொல்: வணக்கமும் குழாயும். கதவைத் தட்டி "போன்ஜூர், துய்யோ" என்று சுவரைக் காட்டுவார். நகரசபை அனுப்பிய ஆள் என்று நினைத்துச் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

இப்போது அந்த வீட்டில் நாங்கள் மட்டும் இருக்கிறோம்; அவர்கள் இருவரும் நகரின் இன்னொரு பக்கம், பார்க் எக்ஸ்டென்ஷனில், மகளின் அப்பார்ட்மென்ற்றில் இருக்கிறார்கள். அங்கே குழாயுமில்லை, ஃபர்னஸுமில்லை. வெக்கை எங்கிருந்தோ வருகிறது. மனிதருக்கு அது பிடிக்கவில்லை. பனி கொட்டினால் எனக்குத் தொலைபேசி அடிப்பார். சுகம் விசாரிப்பது பிறகு. முதல் கேள்வி, "துய்யோ திறந்திருக்கோ?"

தொலைபேசியில் பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரன். கட்டிலில் கிடந்துகொண்டே, வேலைக்கு வந்துகொண்டிருக்கிறேன் என்று மனேஜருக்குச் சொல்லுவேன். வெக்கையரிடம் மட்டும் அது வாய்க்கு வருவதில்லை. லைனில் நில்லுங்கோ அண்ணை என்று சொல்லிவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஓம் என்கிறேன். நான் வாசல் கதவைத் திறக்கும் சத்தம் அங்கே கேட்கும்போல. "கெதியாச் சாத்தும் தம்பி, வெக்கை போகுது" என்று போனுக்குள்ளிருந்து கத்துவார்.

அதைக் கேட்பதற்காகவே நான் கதவைக் கொஞ்சம் ஆற அமரச் சாத்துகிறேன்.