காதில் மிச்சமிருந்த இடம்

இந்த வாரம் காதில் எந்தப் பகுதி வலிக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மதியம் வரை முரளிதரனால் முடிவு செய்ய முடியவில்லை. செவிப்பறை வலித்தாயிற்று. அதற்கு உள்ளே இருப்பதும் ஒவ்வொன்றாக வலித்தாயிற்று. காது இத்தனை சிறியது என்று அவர் நினைத்ததேயில்லை.

தோஹாவில், நஜ்மா பகுதியின் பழைய கட்டடம் ஒன்றில் அவர் தனியாக இருந்தார். மகனின் பிளஸ் டூவுக்காக மனைவி பிருந்தா கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். ஏ.சி. கம்பெனி வேலையில் நாளெல்லாம் இந்தியும் ஆங்கிலமும்தான். வீடு திரும்பியதும் பிருந்தா போனில், "சாப்ட்டீங்களா?" என்பாள். "சாப்ட்டேன்" என்பார். அன்றைய தமிழ் அதோடு தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்கு இந்திகூடக் கிடையாது.

அப்படி ஒரு வெள்ளியன்று காது உண்மையாகவே அடைத்துக்கொண்டது. பக்கத்து கிளினிக்கில் காது மூக்கு தொண்டை டாக்டராக யாழ்ப்பாணத்துக்காரர் அரியரத்தினம் இருந்தார்.

"காதுல ஏதோ பண்ணுது டாக்டர்."

"காது எண்டு பொதுவாச் சொன்னா எப்பிடி? மடலோ, குழாயோ, செவிப்பறையோ? எவ்விடம் எண்டு சொல்லுங்கோ."

இவ்வளவு அக்கறையாக ஒருவர் தம்மிடம் எதையாவது கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. முரளிதரனுக்குத் தொண்டை அடைத்தது. அதைச் சொல்லவில்லை, வந்தது காதுக்கு.

"அழுக்கா டாக்டர்?"

"அழுக்கில்லை, குறும்பி. சரியான பேர் சொல்லிப் பழகுங்கோ."

குறும்பியை எடுத்ததும் காது சரியாகிவிட்டது. மறுபடி போவதற்குத்தான் காரணம் இல்லாமல் போயிற்று.

அடுத்த வெள்ளி, பள்ளிப் பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டு போனார். "நடுச்செவி டாக்டர். சுத்தி எலும்புன்னு நினைக்கிறேன்."

அரியரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுத்தியோ? அது சம்மட்டியுரு."

"எங்க புத்தகத்துல சுத்திதான்."

"உங்கட புத்தகம் பிழை."

சுத்தி, பட்டடை, அங்கவடி என்று இவர். சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்று அவர். விரல் நுனியில் அடங்கிவிடும் மூன்று எலும்புகளுக்காக அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். வாசலில் காத்திருக்க வேறு யாரும் இல்லை. வெள்ளிக்கிழமையில் யாருக்கும் காது வலிக்காது போலிருக்கிறது என்று நினைத்தபடி முரளிதரன் விசிலடித்துக்கொண்டு வீடு போனார்.

பிறகு பேராசை பிடித்தது. ஒரு வாரம் துணிந்து உட்செவிக்குள் இறங்கி, அரைவட்டக் குழல் என்று சொல்லிவைத்தார்.

"அப்ப தலை சுத்துமே?" என்றார் டாக்டர்.

"சுத்துது டாக்டர்."

"அப்ப கார் ஓட்டக்கூடாது. சாவியைச் சப்ரீனாட்டக் குடுங்கோ."

வரவேற்பறையில் எந்நேரமும் போனைத் தோளில் இடுக்கியிருக்கும் புத்தளத்துப் பெண் சப்ரீனா, சாவியை வாங்கி மேசைக்குள் போட்டாள். ஆகஸ்ட் வெயிலில், ஏ.சி. போடும் கம்பெனியின் ஏ.சி. இல்லாத பஸ்ஸில் முரளிதரன் ஒரு வாரம் சைட்டுக்குப் போய்வந்தார்.

சாவியை மீட்க, அடுத்த வெள்ளி நோயை நத்தைச் சுருளுக்கு மாற்றினார். தலைசுற்றல் நின்றுவிட்டது, கேட்பதுதான் குறைந்துவிட்டது என்றார். உடனே பரிசோதனை வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். எல்லாம் கணீரென்று கேட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தம் தலையில் தாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது பிறகுதான் புரிந்தது. காது கேளாதவரிடம் பேசி என்ன பயன் என்று டாக்டர் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினார். அன்று ஒரு சொல் தமிழ் காதில் விழவில்லை. சப்ரீனா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காதில் மாட்டும் மிஷினுக்கு அளவெடுத்தாள்.

இந்த வெள்ளி மிஷின் வந்துவிடும். காதிலும் இடம் மிச்சமில்லை. குணமாகிவிட்டது என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் இனிமேல் வெள்ளிக்கிழமைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

போய்ச் சொன்னார். "எல்லாம் சரியாயிடுச்சு டாக்டர். நல்லாக் கேக்குது."

அரியரத்தினம் ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த கருவியை எடுத்து மறுபடி துடைத்தார். "சந்தோசம்" என்றார். முகத்தில் அதைக் காணோம். "அப்ப இனி வரத் தேவையில்லை."

"ஆமா டாக்டர்."

"சம்மட்டியுரு எண்டதை மட்டும் மறந்துபோகாதேங்கோ."

சண்டை போட முரளிதரன் வாயைத் திறந்தார். அழுகைதான் வரப்பார்த்தது. அடக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

சப்ரீனா முதல்முறையாகப் போனைக் கீழே வைத்தாள். "அடுத்த வெள்ளிக்கு மூக்கு வலிண்டு எழுதட்டா சேர்?"

"மூக்குல ஒண்ணும் இல்லையேம்மா."

"காதிலயும் ஒண்டும் இல்லதானே. டொக்டருக்கு வெள்ளிக்கிழமை லீவு சேர். முதல் நாள் மட்டும்தான் வேற டொக்டருக்குப் பதிலா வந்தார். மத்த வெள்ளியெல்லாம் நீங்க வாரீங்கண்டுதான் வாரார்."