இருமாமல் உள்ளே வரும் மீட்டர்

பிஸ்மில்லாஹ்.

கொழும்பில் கரண்ட் கணக்குப் பார்க்கும் என் சகோதரியின் மகன் அன்ஸாபுக்கு, உக்குவளையிலிருந்து தாய்மாமன் ஸெய்னுலாப்தீன் சொல்லிக்கொள்வது. உனக்கும் உன் வீட்டாருக்கும் படைத்த றப்புடைய சாந்தி நிறையக் கிடைக்கட்டும், இந்த றமழானின் பறக்கத்து உங்கள் வாசலை விட்டுப் போகாதிருக்கட்டும். இங்கே நான் சுகம். சுகமில்லாத இடத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எழுத்துத் தெரியாத மாமா எப்படி எழுதினார் என்று யோசிக்காதே. பேசினால் எழுதுகிற வித்தையைப் போன பெருநாளைக்கு நீதானே என் போனில் போட்டுத் தந்தாய். வழமையாக எழுதித் தரும் நிஸ்தாரிடம் இம்முறை போகவில்லை. நிஸ்தாரிடம் சொல்வதும் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் சொல்வதும் ஒன்று; ஸ்பீக்கராவது கரண்ட் போனால் வாயை மூடும்.

விஷயம் இதுதான். நான் நோன்பு பிடிக்கிறேன். அது என் மகள் பஸ்லாவுக்குத் தெரியக்கூடாது. போன றமழானில் நான் புகையிரத நிலையத்தடியில் மயங்கி விழுந்ததும், டொக்டர் இந்தச் சீனி வருத்தத்தோடு, இரத்தத்தில் சீனி இறங்கினால் ஆபத்து, நோன்பு பிடிக்கவே கூடாது என்றதும் உனக்குத் தெரியும். அன்றைக்கே அவள் கட்டாரிலிருந்து அழுதழுது சொன்னாள்: "இனி ஒரு நோன்பு பிடிச்சீங்க எண்டு கேள்விப்பட்டா, வேலைய உட்டுட்டு அடுத்த பிளேன்ல வந்துருவேன் வாப்பா." செய்யக்கூடியவள். அந்த வேலையில்தான் அவளுடைய பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் மருமகனே, பஞ்சத்தில் ஒரு துண்டுப் பாணுக்குக் கியூவில் நின்ற காலத்திலும் பிடித்த நோன்பு இது. சூறாவளி வந்து கூரைத் தகரம் ரயில் பாதையில் கிடந்த வருஷமும் பிடித்தேன். என் மனைவி மௌத்தாகிப் போன வருஷமும், அவள் ஊறப்போட்டு வைத்த பேரீச்சம்பழத்தாலேயே நோன்பைத் திறந்தேன். அதை விட்டால் றமழான் மாதம் எனக்குச் சும்மா ஒரு மாதம்.

இதில் இந்தப் புது மீட்டர் எங்கிருந்து வந்தது? எங்கள் ஒழுங்கையில் எட்டு வீட்டுக்கும் ஒரே நாளில் பூட்டிவிட்டுப் போனார்கள். முன்பு எங்களுக்கு மீட்டர் வாசிக்க வந்தவர் தும்பறைப் பக்கத்துச் சிங்கள மனிதர், இடது காலை இழுத்து நடப்பவர். வாசல் கடப்படியில் நின்று இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொள்ள அந்த இருமல் போதும். இந்தப் புது மீட்டர் இருமுவதில்லை. நான் எத்தனை மணிக்கு எழும்புகிறேன், எப்போது கரண்ட் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைக்கிறேன் என்று எல்லாவற்றையும் மகளுடைய போனில் காட்டிக் கட்டாருக்குச் சொல்கிறது. நோன்பு தொடங்கி மூன்றாம் நாளே பஸ்லா கோல் எடுத்தாள்.

"வாப்பா, பகல்ல கேத்தலே போடல்லியே. நோன்பா?"

"சூடு மகள், பச்சத்தண்ணி நல்லம்" என்றேன். பச்சைத்தண்ணீர் நல்லது என்பது பொய்யில்லை. குடித்தேன் என்று நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பகல் லுஹர் தொழுது வந்து ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க வைத்தேன், குடிக்க அல்ல, மீட்டருக்குக் காட்ட. ஆறின பிறகு அந்தத் தண்ணீரில் பீங்கான் கோப்பை கழுவுவேன். பிறகு பயம் வந்தது. தாகம் பாங்கு கேட்டா வரும்? ஒரே நேரத்தில் கொதித்தால் அவள் பிடித்துவிடுவாள். அப்போதுதான் உன் தங்கச்சி ஜெஸ்லாவின் கல்யாணச் சாப்பாட்டில் நீ தோடம்பழத்தைக் கையில் வைத்துச் சொன்னது ஞாபகம் வந்தது. மேசையில் விட்ட எறும்பு மூலையில் ஒதுங்கும், விளிம்பில் தயங்கும், அதை வைத்து ஆளைப் பிடிக்கலாம். உருண்டையில் மூலையும் இல்லை, விளிம்பும் இல்லை, எந்த இடமும் மற்ற இடத்தைப் போலத்தான். மனம்போன போக்கில் கொஞ்ச நேரம் நடந்தால் எங்கே தொடங்கிற்று என்று யாராலும் சொல்ல ஏலாது. வீட்டுக் கணக்குகளையும் எவருடையது என்று தெரியாதபடி அப்படித்தான் கலைத்து மறைக்கிறோம் என்றாய். எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மட்டும் சாப்பிடாமல் கேட்டேன்.

என்னிடம் எறும்பு இல்லை. ஒரு சாதிக்காயை எடுத்துக் கரியால் சுற்றிவரப் புள்ளி வைத்து உருட்டினேன். மேலே வரும் புள்ளி, கொதிக்க வைக்கும் நேரம்; வெறும் இடம் வந்தால் அன்றைக்குக் கொதிப்பே இல்லை. உருட்ட உருட்ட அது ஒரே வயிற்றில் படுத்து ஒரே புள்ளியைக் காட்டிற்று. நீ சொன்ன உருண்டை அதுவல்ல என்று விளங்கியது. பிறகு பிள்ளைகள் உருட்டி விளையாடும் கண்ணாடிப் போளை ஒன்றைத் தேடி எடுத்துப் புள்ளி வைத்தேன். அது நேர்மையாக உருண்டது, ஆனால் என் வீட்டுத் தரை நேர்மையில்லை. நேரே அலுமாரிக்கு அடியில் போயிற்று. நான் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவ, குசினியில் கேத்தல் ஆவி கக்க, மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு நோனா மோர்மிளகாய்த் தட்டோடு உள்ளே வந்துவிட்டார்.

"யா அல்லாஹ்! நோன்பு நாள்ல கேத்தலக் கொதிக்க வெச்சிட்டு அலுமாரிக்குக் கீழ ஒளிச்சா ஈக்கீங்க, ஸெய்னுலாப்தீன் நானா?"

"போளை தேடுறேன், தங்கச்சி."

"இந்த வயசுலயா!"

மாலை அஸர் தொழுகைக்குப் போனபோது, நான் நோன்பில்லை என்று பள்ளிக்கே தெரியும். பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்கார் என் தோளைத் தொட்டு, "ஏலாதவங்களுக்கு மார்க்கத்துல சலுகை ஈக்கி, கவலப்படாதீங்க" என்றார். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னேன். நோன்பாளி என்று அங்கே சொன்னால் அது மஃரிபுக்கு முன் கட்டார் போய்ச் சேரும்.

ஆனாலும் போளை வேலை செய்வதாகவே நினைத்தேன். நான் கொதிக்க வைத்த நாளில் பஸ்லா, "இண்டைக்குக் குடிக்கல்லியே" என்பாள். வைக்காத நாளில், "நல்லம் வாப்பா" என்பாள். எறும்பு வழி தவறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் வெள்ளிக்கிழமை முடிந்தது.

"வாப்பா, நீங்க ஜும்மாவுல ஈக்கிற நேரம் ஊட்டுல கேத்தல் கொதிச்சிருக்கு. யாரு அவ?"

"எவ?"

"உம்மா போய் ரெண்டு வருஷம் முடியல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஆகவே மருமகனே, என் மீட்டரின் மேல் உன் எறும்பை விட்டு, மகளுக்கும் எவருக்கும் ஒன்றும் விளங்காதபடி இன்றைக்கே கலைத்துவிடு. நோன்பும் போய், அவளுடைய வேலையும் போய், என் மானமும் போவதற்குள் செய். உன் பிள்ளைகள் உன்னைவிட அறிவிலும், உன் தாயைப் போலப் பொறுமையிலும் வளரட்டும். மருமகளுக்கு என் ஸலாம்.

உன் மாமா,
ஸெய்னுலாப்தீன்

பின்குறிப்பு: இதை உடனே அனுப்பத் தெரியவில்லை, நல்லதாய்ப் போயிற்று. மேலே சொன்ன எதையும் செய்யாதே. நீ கலைக்கும்வரை எதற்கு வம்பென்று மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பஸ்லா கோல் எடுத்தாள். "இந்தா, இப்பக் கொதிக்குது! யாரு போட்ட?" வீட்டில் விசிறிகூடச் சுற்றவில்லை. அந்த அமைதியில் மதிலுக்கு அந்தப் பக்கம் கோப்பையில் கரண்டி சுற்றுகிற சத்தம் கேட்டது. மீட்டர்களை மாற்றிப் பதிந்திருக்கிறார்கள். இத்தனை நாளும் மகள் பார்த்தது வேறொரு வீட்டை. எந்தப் பக்கத்து மதில் என்று கேட்காதே, எனக்கு இரண்டு பக்கமும் மதில். அந்த வீட்டில் நோன்புப் பகலில் ஏன் குடிக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் படைத்தவனுக்கும்.

"மீட்டர் மாறியிருக்கு மகள்" என்றேன். "இப்பவே கரண்ட் கந்தோருக்குச் சொல்றேன், வந்து ஒழுங்கையில எல்லா ஊட்டயும் செக் பண்ணட்டும்" என்றாள். வந்தால் எந்தக் கேத்தல் யாருடையது என்று ஊரே பார்க்கும்.

"வேணாம் மகள். நான் நோன்பு."

"சீனி பாருங்க வாப்பா" என்றாள். விரலைக் குத்திப் பார்த்தேன். சீனி நன்றாக இறங்கியிருந்தது. மறைக்காமல் சொன்னேன். "நோன்ப இப்பவே திறங்க" என்றாள். சுவிட்சை ஏற்றிக் கேத்தலைப் போட்டுச் சீனி அள்ளிக் கொட்டினேன். மருமகனே, நீ செய்ய வேண்டியது இதுதான்: எட்டு வீட்டுக் கணக்கையும் ஒன்றாகக் கலைத்து, சத்தமில்லாமல் சரி செய்துவிடு. எது எவருடையது என்று நீயும் பார்க்காதே.

"போன்ல ஒண்டும் காட்டல்லியே வாப்பா. குடிக்கீங்களா?"

"குடிக்கிறேன் மகள்."

"நான் எப்படி நம்புற?"

"நான் சொல்றேனே."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஆத்திக் குடிங்க" என்றாள், "வாய் சுடும்."