கறுப்பு வண்டியும் வெள்ளை வண்டியும்: ஒரு பாரபட்சமற்ற அறிக்கை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, முழங்கால் சம்மதிக்கவில்லை. உன் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடிக்குப் போகிறோம். அங்கே ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். அப்பா விட்டுப்போன இரண்டு பழைய கார்களில் என் பங்குக் கறுப்பை வைத்துக்கொள்வதா, உன் பங்கு வெள்ளையை வைத்துக்கொள்வதா என்று நடுநிலையோடு சோதித்துச் சொல்வதாக உனக்குப் போனில் வாக்குக் கொடுத்திருந்தேன். சோதித்துவிட்டேன். மனசே சரியில்லை.

முதலில் காகிதக் கணக்கு. என்னுடையது நாலு சிலிண்டர், நாற்பத்திரண்டு குதிரைத்திறன். உன்னுடையது ஆறு சிலிண்டர், எண்பத்தைந்து. பார்வைக்கு இரண்டு மடங்கு. ஆனால் உன் வண்டி கனம் அதிகம். பாதிக் குதிரைகளுக்கு மீதிக் குதிரைகளைச் சுமக்கவே நேரம் சரியாக இருக்கிறது. பெட்ரோல் சிக்கனத்தில் என் வண்டிக்கு ஈடே கிடையாது. பெரும்பாலும் தள்ளிக்கொண்டு போவதால் சொட்டுக்கூடச் செலவாவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். என் வண்டியில் நான், உன் வண்டியில் என் மச்சான். மேட்டில் பாதி ஏறியதும் என் ரேடியேட்டர் கொதித்து, கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே உன் வண்டி முந்திப் போய், அந்தப் பக்க இறக்கத்தில் பறந்து, சாலை வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறி நின்றது. பிரேக் பிடிக்கவில்லையாம். ஆகவே அந்த வேகத்தை உன் கணக்கில் சேர்க்க முடியாது. மெக்கானிக் வந்து பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, என் பானெட்டைத் திறந்து பார்த்து, "இத சரி பண்ற நேரத்துக்கு நீங்க நடந்தே வீட்டுக்குப் போயிடலாம் சார்" என்றார். கடைசியில் உன் வண்டிதான் என் வண்டியைக் கட்டி இழுத்து வந்தது. கயிறு என்னுடையது என்பதால் அந்த வெற்றியில் பாதி எனக்குச் சேரும்.

வாசலில் நின்ற உன் அண்ணி, "ஒரு கெழடு இன்னொரு கெழட்ட இழுத்துட்டு வருது, மூணாவது கெழடு உள்ள உக்காந்திருக்கு" என்றாள். மச்சான் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வண்டியும் போய்விட்டால் நான் எங்கேயும் கிளம்புகிற ஆளே இல்லை என்று ஆகிவிடும். எனக்குப் பயமாயிருக்குடா.

ஆகவே, எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்ததில் கறுப்பே சிறந்தது. வெள்ளையை விற்கச் சம்மதம் எழுதி அனுப்பு.

நீயும் உன் மனைவி மக்களும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் அண்ணி இதைப் படித்தாள். "வருஷத்துக்கு ஒரு தடவ உங்க தம்பி வர்றதே அந்த வெள்ளை வண்டியப் பாக்கத்தான். அதையும் வித்துட்டா எதுக்கு வரப்போறாரு?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். கறுப்பை வாங்கிக்கொள்ள ஆள் வரச் சொல்லிவிட்டேன். நீ சம்மதம் எதுவும் எழுத வேண்டாம். வந்தால் போதும்.