தமிழ்ப் படத்தை மூன்றே வாரத்தில் நான் வளர்த்த கதை

எனக்குக் கணக்கு வராது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை. வெட்கமெல்லாம், கணக்கு பிசகாமல் வந்த அந்த ஒரு முறையைப் பற்றித்தான்.

படிப்பு முடிந்த கையோடு, பினாங்கு சூலியா தெருவில் மாடியிலிருந்த ஒரு பட விநியோக நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. தியேட்டருக்கு வருபவர்களில் எத்தனை பேர் தமிழ்ப் படத்துக்குப் போகிறார்கள், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று தமிழ்நாட்டையும் மலேசியாவையும் ஒப்பிட்டு அறிக்கை கொண்டுவரச் சொன்னார்கள். வேலை கிடைக்காவிட்டால் கோலாலம்பூரில் அத்தை வீட்டில் தங்கி வேறு வேலை தேட வேண்டும். (அங்கே காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிடுவார்கள்.) அதனால் உயிரைக் கொடுத்து உழைத்தேன்.

திருச்சியில் ஒன்றுவிட்ட தம்பி குமரன் தலைகளை எண்ணினான். பினாங்கில் நான். மூன்று சனிக்கிழமை மாலைகள் தியேட்டர் வாசலில் நின்று எண்ணினேன், ஆதாரத்துக்குப் புகைப்படமும் எடுத்தேன். பெண்பிள்ளை தனியாகப் போவதாவது என்று அம்மா, சித்தியோடு கூடவே வந்தார். வந்தது வந்தோம் என்று இருவரும் படத்துக்கும் போனார்கள். அடுத்த வாரம் ஆயர் ஈத்தாமிலிருந்து பெரியம்மா குடும்பம் சேர்ந்துகொண்டது. மூன்றாவது வாரம் தாசேக் கெலுகோரிலிருந்து மாமா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். டிக்கெட் வாங்கியவர்களை விட்டுவிட்டால் ஆய்வு பொய்யாகிவிடுமே! நேர்மையாக எல்லோரையும் எண்ணினேன்.

கிராஃபில் மலேசியக் கோடு கூரையைத் தொட்டது. திருச்சிக் கோடு தரையில் படுத்துவிட்டது. (மூன்றாவது வாரம் குமரனுக்குப் பரீட்சை, எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.) தமிழ்ப் படத்தின் எதிர்காலம் பினாங்கில்தான் என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

முதலாளி புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்த மஞ்சள் சேலை அக்கா மூணுலயும் இருக்காங்களே, யாரும்மா?"

"எங்கம்மா, சார்."

"வேன்லேர்ந்து எறங்குறாங்களே, இவங்க?"

"மாமா வீட்டு ஆளுங்க, சார்."

அவர் சிரிக்கவே இல்லை. "இது மார்க்கெட் இல்லம்மா, உங்க ஃபேமிலி-லா," என்றார், எங்கள் ஊர் 'லா'வை அழுத்தி. நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

பிறகு அம்மாவின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். இத்தனை பேரைத் தியேட்டருக்கு இழுத்துவர அவருடைய விளம்பர ஆட்களால் முடிந்ததே இல்லையாம். அடுத்த மாதமே கூட்டமாக வருபவர்களுக்கு டிக்கெட் விற்கும் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. நான் கோலாலம்பூர் பஸ் ஏறினேன்.

இன்றும் குடும்ப விசேஷத்தில் கூட்டம் குறைந்தால் மாமா என்னைத்தான் தேடுவார்.

"நீ எண்ணும்மா. நீ எண்ணுனா கூடும்."