என் ஒன்பது விநாடி விளையாட்டு வாழ்க்கை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னை யாரும் தள்ளவில்லை. தரை வழுக்கவில்லை. பெப்ரவரி மாதத்துப் பாரிஸில் வெயில் கண்ணில் குத்துவதற்கும் வாய்ப்பில்லை. அன்று நடந்தது முழுக்க முழுக்க என் சொந்த முட்டாள்தனம். பங்குக்கு யாரும் வரவேண்டாம்.

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் அப்பாவுக்கு ஒரு மரக்கறிக் கடை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் புறநகரங்களான எபினேயிலிருந்தும் லெ பிளாங்-மெனிலிலிருந்தும் சனம் வந்து குவியும். காலை ஒன்பது மணி தொடங்கி மாலை ஏழு மணி வரை தராசடியில் நிற்பது நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரே இடத்தில் நிற்பது என் உடம்புக்கு ஒத்துவராத காரியம். ஒரு கிலோ கத்தரிக்காய் நிறுப்பதற்குள் மூன்று தடவை வாசலை எட்டிப் பார்ப்பேன். (அங்கே ஒன்றும் நடக்காது. வாழைப்பழப் பெட்டியும் ஒரு புறாவும்தான் இருக்கும்.)

அந்தக் காலத்தில்தான் கல்லூரி உணவகத்தில் ஒருவன் தன் நண்பனுக்கு எறிந்த தோடம்பழம் குறி தவறி என் தலைக்கு மேலே பறந்தது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு. மறுகையால் எட்டிப் பிடித்தேன். லா கூர்னெவ் பூங்காவில் பத்து வயதிலிருந்து கிரிக்கெட் ஆடிய கை அது. எறிந்தவன் பெயர் யானிக். கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை எறிகிறவன். மறுநாளே என்னைப் பயிற்சிக்கு இழுத்துப்போய்விட்டான்.

என்னை ‘வைட் ரிசீவர்’ ஆக்கினார்கள். வேலை எளிது. ஓரமாக நிற்கவேண்டும். ஆட்டம் தொடங்கியதும் தலைதெறிக்க ஓடவேண்டும். யானிக் எறியும் பந்தைப் பிடிக்கவேண்டும். பிடித்த பிறகு எல்லைக்கோடு தாண்டும்வரை மறுபடியும் ஓடவேண்டும். (இந்தக் கடைசிப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

ஒரே சிக்கல், ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில். வீட்டில் மெதுவாகச் சொன்னேன்.

“அப்ப கடையில ஆர் நிக்கிறது? உன்ர யானிக்கே?” என்றார் அப்பா.

“ஒருக்கா வந்து பாருங்கோவன் அப்பா. பாத்திட்டுச் சொல்லுங்கோ.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “சரி, ஒரு மட்சுக்கு வாறன். உங்கட கோச் தன்ர வாயால நீ வேணுமெண்டு சொல்லட்டும். படிச்சு முடியும்வரைக்கும் ஞாயிறு உன்ர. சொல்லாட்டி, பிறகு இந்தக் கதை கதைக்கப்படாது.”

மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்! அன்றிலிருந்து ஆட்ட நாள் வரை நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

கடையை மாமாவிடம் விட்டுவிட்டு அப்பா வந்தார். கம்பளித் தொப்பி, அதற்கு மேலே சால்வை. மைதானத்து ஓரக் கயிற்றடியில் நின்று, கவசமெல்லாம் மாட்டியிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னடா, வெல்டிங் வேலைக்கே போறாய்?”

ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் நான் ஓரத்து வாங்கிலில்தான். உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. இருந்து எழும்பி, எழும்பி இருந்துகொண்டிருந்தேன். சப்பாத்து நாடாவைப் பதினொரு தடவை அவிழ்த்துக் கட்டினேன். பயிற்சியாளர் ப்ரூனோவிடம் “இப்போதா?” என்று கேட்பேன். “இல்லை” என்பார். ஒரு நிமிடம் கழித்து மறுபக்கமாகப் போய் நின்று, வேறு ஆள் கேட்பதுபோல “இப்போதா?” என்பேன். கடைசி நிமிடத்தில், நாங்கள் நான்கு புள்ளிகள் பின்னால் நிற்கும்போது, “சரி, போ!” என்று கத்தினார். என் திறமையை நம்பி அனுப்பினாரா, தொல்லை தாங்காமல் அனுப்பினாரா என்பதை நான் இன்றுவரை ஆராயவில்லை.

ஓடினேன். என்னைக் காவல் காக்க வேண்டிய எதிரணிக்காரன் கால் இடறி விழுந்தான். யானிக் எறிந்தான். பழுப்பு நிறப் பந்து சுழன்று சுழன்று வருகிறது. என் முன்னால் வெறும் புல். எல்லைக்கோட்டுக்கு இன்னும் பத்துக் காலடிதான். ஓட்டத்தை நிறுத்தாமல், தோளுக்கு மேலாக, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். அப்படி ஒரு பிடியை நான் அதற்கு முன்னும் பிடித்ததில்லை, பின்னும் பிடித்ததில்லை.

விதியெல்லாம் தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடக் கிரிக்கெட்டில் ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் என்ன செய்ததோ, அதையே அந்தக் கை செய்தது: பந்தை வானத்தை நோக்கி வீசி எறிந்தது.

நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கட்டிப்பிடிக்க ஆள் தேடி, எங்கள் அணியை நோக்கித் திரும்பி ஓடினேன். எல்லோரும் பைத்தியம் பிடித்ததுபோலக் கத்திக்கொண்டு எனக்கு எதிரே ஓடி வந்தார்கள். எவ்வளவு அன்பு என்று நினைத்தேன். என்னைத் தாண்டியும் ஓடினார்கள். அப்போதுதான் எதிரணிக்காரன் ஒருவன், ஆகாயத்திலிருந்து விழுந்த என் பந்தை மார்போடு அணைத்தபடி மறுபக்கக் கோட்டை நோக்கிப் பறப்பதைக் கண்டேன்.

மைதானம் முழுவதிலும் ஒரே ஒருவர் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். கயிற்றடியில் சால்வையைச் சுழற்றிக்கொண்டு அப்பா துள்ளினார்.

“அவுட்டு! அவுட்டடா!”

ஆட்டம் முடிந்ததும் அவர் நேரே பயிற்சியாளரிடம் போனார். உணவகங்களில் கோப்பை கழுவிய காலத்தில் பொறுக்கிச் சேர்த்த பிரெஞ்சு அவருடையது. “மிஸ்யே, மொன் ஃபீஸ், போன்?” (ஐயா, என் மகன், நல்லம்?) என்று கேட்டார்.

ப்ரூனோ நல்ல மனிதர். சிறிது நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, “ஐயா, உங்கள் மகனின் கைகள் அற்புதமானவை” என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. “மிச்சத்தை நீங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.”

ரயிலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவுக்கும் கம்பிக்குமாக நடந்தேன்.

“பிடிச்சது பிடிச்சதுதானேடா. அதுக்குப் பிறகென்ன ஓட்டம்? விசர் விளையாட்டு” என்று அப்பா என் பக்கம்தான் பேசினார்.

எனக்குள் சின்ன நம்பிக்கை. “அப்ப ஞாயிறு, அப்பா?”

“ஒன்பது மணிக்கு. சுணங்காதை.”

அதற்குப் பிறகு மூன்று வருடம் தராசடியில் நின்றேன். அடுத்த ஞாயிறு நான் போவதற்கு முன்பே கதை கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. வெண்டிக்காய் வாங்க வருகிற சனத்துக்கெல்லாம் அப்பா அதை நடித்தே காட்டுவார். பந்துக்குப் பதிலாகப் பெரிய வெங்காயம். பெண் பார்க்கப் போன இடத்திலும், தேநீர் வருவதற்குள் சொல்லிமுடித்துவிட்டார். (அப்படியும் அவள் சம்மதித்தாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) வீட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக்கூட யாரும் என் கையில் நேரே தரமாட்டார்கள். மேசையில் வைத்துவிட்டு, “எடுங்கோ” என்பார்கள்.

போன வருடம் மகள் பிறந்தாள். பிரசவ அறையில் போட்டிருந்த கதிரையில் உட்காராமல், நான் சுவருக்கும் யன்னலுக்குமாக எத்தனை கிலோமீட்டர் நடந்தேனோ தெரியாது. தாதி, துணியில் சுற்றிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த மனைவி, எப்படி அறிந்தாளோ, சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

“பயப்படாதையும், நான் வடிவாப் பிடிப்பன்” என்றேன்.

“முதல்ல கதிரையில இருங்கோ.”